குடிக்கிற தண்ணீரா, குளிக்கிற தண்ணீரா?

சென்ற இதழில், ஊருணி, கண்மாய் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதி அனுப்புங்கள் என்று சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. சிவகங்கைப் பக்கத்திலிருந்தும் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் மீன்பாசி ஏலத்தில், அதாவது கண்மாய் மீனைப் பிடிக்கிற உரிமைக்கான ஏலத்தில், நடந்த சண்டையை எழுதியிருக்கிறார்கள், அதற்கெல்லாம் பதில் சொன்னால் நான் ஊருக்குள் நடமாட முடியாது. மீதியிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (வாசகர், புதுவயல்): போன வாரம் விடிந்து பார்த்தால் எங்கள் கண்மாயில் கட்லாவும் ரோகுவும் செத்து மிதக்கின்றன. முந்தின நாள் முழுக்க மூட்டம், சாயங்காலம் லேசான தூறல். யாரோ மருந்தைக் கலந்துவிட்டார்கள் என்று குத்தகைக்காரர் சொல்கிறார். ஏலத்தில் தோற்றவர் மேல் போலீசில் எழுதிக் கொடுக்கவும் தயாராக இருக்கிறார். மருந்துதானா?

பதில்: ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன் அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். விரால் செத்துக் கிடந்ததா?

விரால், குரவை, தேளி இந்த மூன்றும் செவுளை மட்டும் நம்பிப் பிழைப்பவை இல்லை. மேலே வந்து வாயைத் திறந்து காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போகும். தண்ணீரில் ஆக்சிஜன் அற்றுப்போனாலும் தாக்குப்பிடிக்கும். கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அந்த வசதி கிடையாது. ஆகவே கெண்டை இனம் மட்டும் செத்து விரால் தெம்பாக இருந்தால், அதிலும் பெரிய மீன்கள் முதலில் போய்ப் பொடிமீன் தப்பித்திருந்தால், அது மூச்சுமுட்டிச் செத்தது. மருந்தாக இருந்தால் பொடிமீன்தான் முதலில் போகும், தவளையும் தண்ணீர்ப்பூச்சியும் சேர்ந்து போகும், விராலும் தப்பாது. விடியற்காலை என்று பார்த்து அது வேலை செய்வதும் இல்லை.

நீங்கள் எழுதியிருக்கிற மூட்டமும் விடியல் நேரமும் மூச்சுமுட்டலைத்தான் காட்டுகின்றன. பகலில் பாசியும் நீர்ச்செடியும் வெயிலை வைத்து ஆக்சிஜனைத் தருகின்றன, ராத்திரியானால் அதே பாசி மீனோடு போட்டி போட்டுக்கொண்டு ஆக்சிஜனை இழுக்கிறது. பாசி அளவாக இருந்தால் வரவும் செலவும் சரியாகிவிடும். மீன் சீக்கிரம் கொழுக்கட்டும் என்று கோழி எச்சத்தையும் சாணத்தையும் மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பச்சைக் கட்டிப்போன கண்மாயில் ராத்திரிச் செலவு மிக அதிகம், அதற்கு முந்தின பகல் மூட்டமாகவும் இருந்தால் வரவும் இல்லை, விடியற்காலை கஜானா காலி. நம் ஊர்ச் சூட்டில் வேறு, 30 டிகிரியில், தண்ணீர் காற்றிலிருந்து இழுத்து வைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு ஏறக்குறைய ஏழரை மில்லிகிராம்தான். மீன் வளர்க்கிற நீர்நிலையில் 4 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். ஏழரைக்கும் நாலுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது, நீங்களே பாருங்கள்.

இனிமேல் மூட்டம் போட்ட மறுநாள் நாலு மணிக்கே கரைக்குப் போய்ப் பாருங்கள். மீன் எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்தால், மோட்டாரை வைத்து அந்தத் தண்ணீரையே எடுத்து அதே கண்மாயில் உயரத்திலிருந்து விசிறி விடுங்கள். அன்றைக்குத் தீனி, எரு எதுவும் போடக் கூடாது. செத்ததை அப்படியே விடாமல் அள்ளிப் புதைத்துவிட வேண்டும், அது அழுகினால் இருக்கிற ஆக்சிஜனையும் தின்னும். பாதி விலைக்குக் கொடுத்துவிடலாம் என்று யாராவது கூடையோடு வந்தால் விரட்டுங்கள்.

விராலும் சேர்ந்து செத்திருந்தால் விஷயம் வேறு. அப்போது சுத்தமான பாட்டிலில் தண்ணீரை விளிம்பு வரை பிடித்து, உயிர் போகிற நிலையில் இருக்கிற மீன் ஒன்றிரண்டையும் எடுத்து, ஐஸில் வைத்துக்கொண்டு அன்றைக்கே மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போக வேண்டும். தண்ணீரில் நஞ்சு கலந்தோ வெடி போட்டோ மீனைக் கொல்வது 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். ஆனால் ஒன்று, விராலைப் பார்க்காமல் ஆள் பெயரைச் சொல்லாதீர்கள். ஊரில் பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் போவதற்கு ஒரு ராத்திரி மூட்டம் போதும்.

கேள்வி (வாசகி, கோட்டையூர்): எங்கள் ஊருணியில் ஒரு மூலை முழுக்கப் பச்சைப் பெயின்ட் டப்பாவைக் கொட்டினமாதிரி இருக்கிறது. ஆடு குடிக்கலாமா? காய்ச்சினால் சரியாகிவிடுமா?

பதில்: ஆட்டை அவிழ்த்து வேறு பக்கம் கட்டுங்கள், காய்ச்சுவதையும் விடுங்கள். பாசியில் பல வகை உண்டு. நூல் நூலாகக் குச்சியில் சுற்றிக்கொண்டு வருவது பெரும்பாலும் தொந்தரவில்லாத சாதி. பெயின்ட் மாதிரி, காற்றடிக்கிற பக்கத்துக் கரையில் ஒதுங்கி, கெட்ட வாடையோடு நிற்பது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், அதில் சில வகை ஈரலைத் தாக்குகிற நஞ்சை வெளியிடும், அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. கையில் உறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடி ஜாடியில் அந்தத் தண்ணீரைப் பிடித்து ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் பச்சை எல்லாம் மேலே ஏறி நின்றால் சந்தேகம் பலமாகிவிட்டது என்று அர்த்தம், அடியில் படிந்தால் பயம் குறைவு. இது வீட்டுச் சோதனைதான், முடிவான தீர்ப்பு ஆய்வகத்தில்தான் கிடைக்கும்.

இந்தப் பாசிக்குச் சாப்பாடு போடுவது நாம்தான். சோப்புத்தூளும் சாக்கடையும் வயல் உரமும் சேர்ந்து வந்தால் எந்த ஊருணியும் இப்படித்தான் ஆகும். படித்துறையில் துவைப்பதை நிறுத்தாமல் பாசியை மட்டும் வருடா வருடம் அள்ளிக்கொண்டிருந்தால் அள்ளுகிறவருக்குக் கூலி கிடைக்கும், அவ்வளவுதான்.

கேள்வி (வாசகி, பள்ளத்தூர்): எதிர் ஊருணித் தண்ணீரில்தான் என் மாமியார் கடைசி வரை சமைத்தார். இப்போது போர் தண்ணீரில் பருப்பு வேகமாட்டேன் என்கிறது. மருமகள் ஆர்.ஓ. மெஷின் வாங்கச் சொல்கிறாள். அந்தக் காலத்தில் மாதிரி துணியில் வடிகட்டித் தேத்தாங்கொட்டையைத் தேய்த்துவிட்டுக் குடித்தால் போதாதா?

பதில்: பருப்பு விஷயத்தில் உங்கள் மாமியார் கட்சிதான் நான், ஆச்சி. ஊருணியில் நிற்பது மழைத்தண்ணீர், அதில் உப்பு கம்மி. போர் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து பருப்பின் தோலோடும் சதையோடும் ஒட்டிக்கொண்டு அதை இறுக்கிவிடுகிறது, நீங்கள் எத்தனை விசில் விட்டாலும் அது விறைத்துக்கொண்டுதான் நிற்கும். முற்றத்தில் விழுகிற மழையை அண்டா அண்டாவாகப் பிடித்து வைத்துச் சமைத்த வீடுகள் நம் பக்கத்தில் எத்தனையோ. அதற்கும் இதே காரணம்தான்.

குடிப்பது என்று வந்தால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் இழைத்துவிட்டால் கலங்கல் அடியில் படியும், அது உண்மை. நம் செம்மண் பூமியில் மழை பெய்த வாரம் ஊருணித் தண்ணீர் காப்பி நிறத்தில் நிற்கும்போது அதைத் தெளியவைக்க அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் தெளிந்த தண்ணீர் வேறு, சுத்தமான தண்ணீர் வேறு. கிருமி கண்ணுக்குத் தெரியாது, கொட்டையும் அதைக் கொல்லாது.

துணியின் கதை சுவாரசியமானது. என் அப்பத்தா குடிநீர் ஊருணிக்குப் போகும்போது கடைசிப் படிக்கு மேலேயே நின்று, எட்டிக் குடத்தை அமுக்கி எடுப்பார். ‘குடிக்கிற தண்ணியில கால் வைக்காதடா’ என்று என் முதுகில் எத்தனை அடி வைத்திருக்கிறார் என்று கணக்கே இல்லை. சாமி குத்தம் என்றுதான் நான் நினைத்தேன். நரம்புச் சிலந்தி என்ற நோயைப் பற்றிப் படித்த பிறகுதான் புரிந்தது. நோயாளியின் காலில் கொப்புளம் கட்டி, அதிலிருந்து நூல் மாதிரிப் புழு வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் அவர் தண்ணீருக்குள் காலை வைத்தால் புழு அங்கே ஆயிரக்கணக்கில் குஞ்சுகளை விடும். அவற்றைத் தண்ணீரில் இருக்கிற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சின்னப் பூச்சி தின்னும், அந்தப் பூச்சியோடு தண்ணீரைக் குடித்தவருக்கு ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துக் காலில் கொப்புளம். இந்தச் சுற்றை அறுக்க எளிய வழி இரண்டு, கால் வைக்காதே, துணியில் வடிகட்டிக் குடி. அந்தப் பூச்சி துணியில் தங்கிவிடும். மற்ற வேலைகளோடு அந்த இரண்டையும் ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லி நோயை ஒழித்தார்கள், 2000ஆம் ஆண்டில் இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அப்பத்தாவுக்கு அந்தப் பூச்சியின் பெயர் தெரியாது, பழக்கம் தெரிந்திருந்தது.

ஆனால் வேட்டித் துணி பூச்சியைத்தான் தடுக்கும், பேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகளைத் தடுக்காது. எனவே வடிகட்டி, தெளியவைத்து, கொதிக்க வைத்துக் குடியுங்கள். குமிழி விட்டு ஒரு நிமிடம் நன்றாகக் கொதித்தால் போதும். கலங்கலாக இருக்கும்போதே பிளீச்சிங் பவுடர் போடுவது வீண், மருந்தைச் சேறே குடித்துவிடும். மாவட்டக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துச் சோதிக்கலாம், அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் எச்2எஸ் பாட்டில் என்று ஒன்று உண்டு, தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால் மலக்கழிவுக் கிருமி இருக்கும்பட்சத்தில் கறுத்துப்போகும். கறுத்தால் காய்ச்சாமல் வாயில் வைக்காதீர்கள்.

மெஷின்? உப்பு அதிகமான போர் தண்ணீருக்கு அது நியாயம். மழைத்தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டு, பாதிக்கு மேல் சாக்கடையில் ஓடவிடுவது எனக்கு மனசு ஒப்பவில்லை. மருமகளிடம் இதை நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

கேள்வி (வாசகர், தேவகோட்டை): சிங்கப்பூரிலிருந்து பேரன் லீவுக்கு வருகிறான், ஆயிரக்கணக்கில் விலை கொடுத்துத் தூண்டில் வாங்கி வைத்திருக்கிறானாம். பிடித்த மீனைத் திரும்பவும் தண்ணீரில் விட்டுவிடுவானாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்மாயில் போடலாமா?

பதில்: சிரிக்காதீர்கள் ஐயா, உலகம் முழுக்க அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. முதலில் அந்தக் கண்மாயின் மீன்பாசி குத்தகை யாரிடம் இருக்கிறது என்று கேட்டு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மூங்கில் கழியில் நரம்பைக் கட்டி, தக்கை போட்டு, மண்புழுவை மாட்டுகிற பையன்களை யாரும் கேட்பதில்லை. பளபளவென்று ரீல் வைத்த தூண்டிலோடு போனால் கேட்பார்கள்.

திரும்ப விடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். மீன் மேலே இருக்கிற வழவழப்புதான் அதற்குத் தோல் மருந்து, காய்ந்த கை பட்டால் அது உரிந்துவிடும். பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றிச் சூடேறி நிற்கும்போது இந்த விளையாட்டே வேண்டாம், போராடிக் களைத்த மீன் உள்ளே போய்ச் சாகும், பேரன் மட்டும் புண்ணியம் செய்ததாக நினைத்துக்கொண்டு விமானம் ஏறுவான். மழைக்காலத்தில் கரையோரமாகச் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மேலே மேலே வந்து போனால் அடியில் தாய் விரால் காவல் நிற்கிறது என்று அர்த்தம், அங்கே தூண்டிலைப் போடாதீர்கள். அது தின்பதற்கு இல்லாவிட்டாலும் ஆத்திரத்தில் வந்து கவ்வும். அதை எடுத்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிடும்.

ஜிலேபிக் கெண்டை மாட்டினால் மட்டும் திரும்ப விட வேண்டாம், குழம்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். 1952இல் ஆப்பிரிக்காவின் அந்த மீனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், முட்டையை வாயில் வைத்துக் காப்பாற்றி, வருடம் முழுக்கக் குஞ்சு பொரித்துப் பெருகி, மற்றதன் சாப்பாட்டையும் சேர்த்துத் தின்று, கடைசியில் கண்மாய் நிறைய உள்ளங்கை அளவு ஜிலேபி மட்டும் மிஞ்சும். ஆப்பிரிக்கக் கெளுத்தி அதைவிட மோசம், அதை வளர்ப்பதற்கே நம் நாட்டில் தடை.

கேள்வி (வாசகி, திருப்பத்தூர்): கண்மாய் அழித்த அன்றைக்கு, அதாவது வற்றிய கண்மாயில் ஊரே இறங்கி மீன் பிடிக்கிற அன்றைக்கு, வாங்குகிற மீனில் மட்டும் ஏன் அவ்வளவு மண்வாடை?

பதில்: சேற்றில் புரண்டதால் என்று எல்லாரும் சொல்வார்கள், அது பாதிதான். பெரியவர் துண்டை வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகச் சனம் முழுக்க இறங்கி முழங்கால் சேற்றைக் கலக்குகிறதே, அப்போது ஒட்டிய சேறு கழுவினால் போய்விடும். போகாத வாடை மீனின் கொழுப்புக்குள் இருக்கிறது. நீலப்பச்சைப் பாசியும் சேற்றில் வாழ்கிற சில நுண்ணுயிர்களும் உண்டாக்குகிற ஒரு பொருள் அது, முதல் மழையில் மண் மணக்கிறதே, அதே பொருள்தான். தண்ணீர் வற்ற வற்றக் கண்மாயில் அது கூடும், மீன் செவுள் வழியாக இழுத்துக்கொள்ளும். உயிரோடு வாங்கிச் சுத்தமான தண்ணீரில் இரண்டு மூன்று நாள் விட்டு வைத்தால் குறையும். முடியாதென்றால் கல் உப்பைப் போட்டுத் தேய்த்துக் கழுவி, புளியைக் கொஞ்சம் கூடுதலாகக் கரைத்து வையுங்கள். புளிப்பில் அந்தப் பொருள் உடைந்துபோகும். அப்புறம் மண்சட்டியில் வைத்து மறுநாள் சாப்பிட்டுப் பாருங்கள், வாடையா, அப்படி ஒன்று இருந்ததா என்பீர்கள்.

கேள்வி (வாசகர், ஆத்தங்குடி): லீவு விட்டதும் பையன்கள் கண்மாயே கதி என்று கிடக்கிறார்கள். குளிக்கிற அளவுக்கு அந்தத் தண்ணீர் நல்லதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஆய்வகக் கணக்கு ஒன்று இருக்கிறது. திறந்தவெளியில் குளிக்கிற தண்ணீருக்கு 100 மில்லிலிட்டரில் கோலிபார்ம் கிருமி 500க்கு மேல் போகக் கூடாது, ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. வீட்டுக் கணக்கு இன்னும் எளிது. பெரிய மழை பெய்து முதல் வெள்ளம் வந்த இரண்டு மூன்று நாள் வேண்டாம், தெருவில் கிடந்ததெல்லாம் அதில்தான் வந்திருக்கும். மாடு குளிப்பாட்டுகிற பக்கம் வேண்டாம். காலில் புண்ணோடு இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் உள்ளே வரும். கோடையில் வற்றிச் சூடாகிக் கிடக்கிற தண்ணீரில் குதிப்பதும் முங்குவதும் வேண்டவே வேண்டாம். கேரளத்தில் பேசப்படுகிற மூளையைத் தின்னும் அமீபா குடிப்பதால் வருவதில்லை, மூக்கில் ஏறுகிற தண்ணீரில் வருகிறது. அபூர்வம்தான், வந்தால் பிழைப்பதும் அபூர்வம்.

ஆனால் கேளுங்கள், நம் பக்கத்தில் பையன்களைக் கொல்வது கிருமி இல்லை, குழி. வண்டல் எடுக்க அனுமதி வாங்கி, வண்டலுக்குக் கீழே இருக்கிற சவுடு வரைக்கும் மிஷினை விட்டுத் தோண்டிச் செங்குத்தாக விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மழை வந்து நிரம்பினால் மேலே எல்லாம் ஒரே தண்ணீர்தான். நானே மூன்று வருடத்துக்கு முன் முழங்கால் ஆழம் என்று நினைத்து ஒரு எட்டு வைத்தேன், அடுத்த எட்டில் தலைக்கு மேல் தண்ணீர். சின்ன வயதிலிருந்து நீந்திய கண்மாய் அது. தெரியும் என்ற திமிர்தான் என்னை இழுத்தது, பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் சேலையை வீசிக் காப்பாற்றினார்.

அந்தப் பெண் செய்ததைப் பாருங்கள், அவர் குதிக்கவில்லை. முங்குகிறவனைப் பிடிக்கக் குதித்தவர்கள் சேர்ந்து போன கதை நம் பக்கத்தில் ஏராளம். சேலை, வேட்டி, கயிறு, இல்லாவிட்டால் வாய் மூடிய காலிப் பிளாஸ்டிக் கேன், எதையாவது வீசுங்கள். கோடையில் கண்மாய் வற்றியிருக்கும்போதே பையன்களைக் கூட்டிப்போய் எந்த இடத்தில் குழி இருக்கிறது என்று காட்டிவிட்டு, அந்த இடத்தில் உயரமாக ஒரு கழியை நட்டு வையுங்கள்.

கேள்வி (வாசகர், கானாடுகாத்தான்): எங்கள் கண்மாயைச் சுற்றிச் சிமென்ட் சுவர், நடைபாதை, உள்ளே படகு என்று பேச்சு நடக்கிறது. பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருகிற ஊர், நல்லதுதானே?

பதில்: நடைபாதை நல்லது, கரை மேல் போடுங்கள். சுவர் எங்கே வருகிறது என்பதுதான் கேள்வி. கண்மாய்க்குக் கரை ஒரு பக்கம்தான், மறுபக்கம் தண்ணீர் வருகிற பக்கம், அது திறந்திருந்தால்தான் வரத்துக்கால் உள்ளே வரும். சுற்றிலும் சுவர் எழுப்பினால் கண்மாய் கோட்டைமாதிரி அழகாக நிற்கும், உள்ளே தண்ணீர் இருக்காது. அழகு வேண்டுமென்றால் ஊருணிக்குச் செம்பூராங்கல்லில் கட்டியிருக்கிற படிக்கட்டைச் செப்பனிடுங்கள், வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வருவதும் அதைத்தான்.

படகு பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஐப்பசியில் நிரம்பிச் சித்திரையில் கட்டாந்தரையாகிற கண்மாயில் பாதி வருடம் அது தரையில்தான் நிற்கும். விட்டே ஆக வேண்டும் என்றால் மிதிபடகு விடுங்கள், மோட்டார் வேண்டாம், மிதவைச் சட்டை இல்லாமல் ஒருவரையும் ஏற்றாதீர்கள்.

பார்ப்பதற்கு ஆள் வர வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிக்கு ஒரு நடை போய்வாருங்கள். மூன்று கண்மாய், எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 38 ஹெக்டேர், 1977இல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. அங்கே படகு இல்லை. கருவ மரத்தில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் கூடு கட்டியிருக்கின்றன. குஞ்சுகள் மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதே இல்லை. பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று பாய்ச்சுகிறார்கள். அதே தண்ணீரை யாரும் குடிக்கக் கேட்பதில்லை, அது அதற்கான தண்ணீர் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி (வாசகி, பிள்ளையார்பட்டி): கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுவது புண்ணியமா, பாவமா?

பதில்: ஒரு கைப்பிடி புண்ணியம். மூன்று பாக்கெட் போட்டு, மீன் தின்னாதது மிதந்து அழுகினால் புதுவயல்காரருக்குச் சொன்ன பதிலை இன்னொரு தடவை படியுங்கள். பாக்கெட்டையும் சேர்த்துப் போடுகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.